பழைய கட்டடத்தைக் காக்கும் வேலை: நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வழி

பத்மநாபபுரம் அரண்மனைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். சித்திரை வெயிலிலும் காலடியில் படுகிற அந்தக் குளிர்ச்சியை ஒருமுறை உணர்ந்தவர்கள் மறப்பதில்லை. கறுப்பாக, முகம் பார்க்கலாம் போல மினுங்கும் தரை. சிமெண்ட் என்ற சொல்லே இந்த ஊருக்கு வராத காலத்தில் போட்டது. சுண்ணாம்பு, ஆற்றுமணல், சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு, சில செடிகளின் சாறு ஆகியவற்றை அரைத்துப் பூசி, நாள் கணக்கில் தேய்த்து மெருகேற்றியது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள்.

அந்தத் தரையில் ஓரிடம் பெயர்ந்துவிட்டால் யார் சரிசெய்வார்? எந்தப் பொருளை எந்த அளவில் சேர்க்க வேண்டும், எத்தனை நாள் தேய்க்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? இந்தக் கேள்விக்குப் பதிலாக வாழ்க்கையையே அமைத்துக்கொள்கிற மனிதர்கள் இருக்கிறார்கள். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் தொழில் என்று அதற்குப் பெயர். பிளஸ் டூ முடித்துவிட்டு அடுத்து என்ன என்று நிற்கிற பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும், அப்பாவின் உளியை எடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கிற ஆசாரி வீட்டு இளைஞர்களுக்கும் இந்தத் தொழிலை எளிமையாக விளக்குவதுதான் இந்தக் கட்டுரை.

இது என்ன வேலை?

புதிதாகக் கட்டுகிறவர் வெற்று மனையில் தொடங்குகிறார். பாதுகாக்கிறவருக்கு முன்னால் ஏற்கெனவே ஒரு கட்டடம் நிற்கிறது. முந்நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு தச்சரும் ஒரு கொத்தனாரும் எடுத்த முடிவுகள் அதில் இருக்கின்றன. அந்த முடிவுகளைப் படித்துப் புரிந்துகொண்டு, கெட்டுப்போன பகுதியை மட்டும், எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவாகத் தொட்டுச் சரிசெய்வதுதான் இந்த வேலை.

உலகம் முழுக்க இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஏற்றுக்கொண்ட சில நெறிகள் உண்டு. 1964-ல் வெனிஸ் நகரில் கூடிய வல்லுநர்கள் எழுதிய சாசனம் அவற்றுக்கு அடிப்படை. சுருக்கமாகச் சொன்னால் நான்கு. வேலையைத் தொடங்கும் முன் இருப்பதை அளந்து, வரைந்து, படமெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். பழையதில் எதைக் காப்பாற்ற முடியுமோ அதை எறியக் கூடாது. புதிதாகச் சேர்த்தது எது என்று பிற்காலத்தார் கண்டுபிடிக்க இடம் வைக்க வேண்டும். இது இப்படித்தான் இருந்திருக்கும் என்ற ஊகம் தொடங்கும் இடத்தில் வேலையை நிறுத்திவிட வேண்டும்.

1994-ல் ஜப்பானின் நாரா நகரில் கூடியவர்கள் இன்னொன்றையும் வலியுறுத்தினார்கள். ஒரு கட்டடத்தின் உண்மைத்தன்மை அதன் பொருளில் மட்டும் அடங்காது. அதைச் செய்யும் முறையிலும் மரபிலும் இருக்கிறது. ஜப்பானின் இசே கோயில் இதற்கு நல்ல சாட்சி. 20 வருடத்துக்கு ஒருமுறை அந்த மரக்கோயிலைப் பக்கத்து மனையில் புதிதாக எழுப்புகிறார்கள். கடைசியாக எழுப்பியது 2013-ல். ஒரு தலைமுறைத் தச்சர் அடுத்த தலைமுறைக்குக் கை பிடித்துச் சொல்லிக்கொடுக்க அந்த 20 வருடம் சரியான இடைவெளி. நம் ஊர்க் கோயில்களில் 12 வருடத்துக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துகிற வழக்கமும் இதே பயனைத் தந்திருக்கிறது. கட்டடம் நிலைக்கிறது, அதைவிட முக்கியமாக, வேலை தெரிந்த கை பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கிறது.

கட்டடம் பிழைக்க வேண்டுமானால் கைவேலை பிழைக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிற எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

நம் மாவட்டத்தில் என்ன இருக்கிறது?

கன்னியாகுமரி மாவட்டம் சின்னதுதான். ஆனால் தமிழ்க் கல்வேலையும் மலையாள நாட்டு மரவேலையும் சந்திக்கிற இடம். 1956 நவம்பர் 1-ம் தேதி வரை இது திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த பகுதி என்பதால், இரண்டு மரபுக் கட்டடங்களும் இங்கே அடுத்தடுத்து நிற்கின்றன.

பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. மார்த்தாண்ட வர்மா காலத்தில் விரிந்து, 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரமாக இருந்த இடம். 2014-ல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் 134 அடி உயர ராஜகோபுரமும், தட்டினால் ஸ்வரம் எழுப்பும் கல்தூண்களும் உண்டு. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலை 6-ம் தேதி குடமுழுக்கு நடந்தது. அங்கே பள்ளிகொண்டிருக்கும் 22 அடி நீளத் திருமேனி கல்லாலோ உலோகத்தாலோ ஆனதில்லை. சாளக்கிராமங்களை உள்ளே வைத்துக் கடுசர்க்கரை என்ற கலவையால் உருவாக்கியது என்பது மரபு. இப்படிப்பட்ட திருமேனியைத் தொட்டு வேலை செய்யத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

சிதறால் மலையில் 9-ம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் பாறையிலேயே இருக்கின்றன. கடலோரத்தில் வட்டக்கோட்டை நிற்கிறது. இந்த இரண்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. கோயில்கள் பெரும்பாலும் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ். நாகர்கோவில், கோட்டாறு, மயிலாடி, கடலோர ஊர்கள் என்று பழைய தேவாலயங்கள் இருக்கின்றன. இவை போக, எந்தப் பட்டியலிலும் சேராத ஓட்டு வீடுகள், மச்சு வீடுகள், அறைப்புரைகள், கல்மண்டபங்கள், குளத்துப் படித்துறைகள்.

யாருடைய பொறுப்பில் எது இருக்கிறது என்று தெரிந்துகொள்வது வேலை தேடுவதின் முதல் பாடம். ஒவ்வொரு துறைக்கும் விதி வேறு, ஒப்பந்த முறை வேறு. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு. பட்டியலில் இல்லாத வீட்டுக்கோ உரிமையாளர் மனம் வைத்தால்தான் காப்பு. இந்த மாவட்டத்தில் அதிகமாக மறைந்துகொண்டிருப்பவை அந்த வீடுகள்தான். பாகப்பிரிவினையில் ஒரு மச்சு வீடு விழுகிறது. அதன் கதவும் உத்திரமும் பத்தாயப் பலகையும் பழைய மரக்கடைக்குப் போகின்றன. ஒரே நாளில் முடிந்துவிடுகிற காரியம். ஆனால் அந்த உத்திரத்தை இணைத்த முறையை மறுபடி கற்றுக்கொள்ள ஒரு தலைமுறை பிடிக்கும்.

மரம்: அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றத் தெரிந்தவர்கள்

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்கிற மாவட்டம் இது. அதனால்தான் கூரைகள் செங்குத்தாகச் சரிந்து, இறவாரம் சுவரை விட்டு வெகுதூரம் வெளியே நீள்கிறது. தண்ணீர் நிற்கக் கூடாது, சுவரில் படக் கூடாது. இவ்வளவுதான் அதன் தத்துவம்.

இந்தக் கூரையின் அழகு அதன் இணைப்பில் இருக்கிறது. கூரையின் சாய்வுக் கோல்களான கழுக்கோல்களைத் துளையிட்டு, ஊடே வளை என்ற குறுக்குச் சட்டத்தைச் செருகி, எல்லாக் கோலையும் ஒன்றாகக் கட்டியிருப்பார்கள். மர ஆணிதான், இரும்பு ஆணி கிடையாது. தரையில் வைத்துப் பொருத்திப் பார்த்து, கழற்றி, மேலே ஏற்றி மறுபடி பொருத்துவது தச்சர்களின் முறை. அதனால்தான் இந்தக் கூரையைப் பழுது பார்க்கவும் முடிகிறது. நாம் பேச்சில் சொல்லும் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றுவது இங்கே நிஜமான வேலை.

கெட்டுப்போவது பெரும்பாலும் கோலின் நுனியும், சுவரில் உட்காரும் இடமும். ஓடு உடைந்து ஈரம் இறங்கினால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சைக்குப் பின்னால் கரையான் வரும். விவரம் தெரியாதவர் முழுக் கோலையும் எடுத்துவிட்டுப் புதுக்கோல் போடுவார். விவரம் தெரிந்தவர் மரத்தைத் தட்டிச் சத்தம் கேட்பார், கூரான கம்பியால் குத்தி எதுவரை உளுத்திருக்கிறது என்று பார்ப்பார், கெட்டதை மட்டும் அறுத்து எடுப்பார். அதே சாதி மரத்தில், அதே நரம்போட்டத்தில் ஒரு துண்டைச் சாய்வாகச் செதுக்கி ஒட்டுப்போடுவார். தேக்குக்குத் தேக்கு, அயனிக்கு அயனி, பலாவுக்குப் பலா. புதுத் துண்டில் கண்ணுக்கு உறுத்தாத இடத்தில் வருடத்தைக் குறித்து வைப்பார். முந்நூறு வருட மரத்தில் முக்கால் பங்கு மிஞ்சுகிறது.

சுண்ணாம்பு: மூச்சு விடும் சுவர்

பழைய கட்டடங்களுக்கு நல்ல மனதோடு செய்யப்படுகிற பெரிய கெடுதல் சிமெண்ட் பூச்சு. அது ஏன் கெடுதல் என்பதை ஒருமுறை புரிந்துகொண்டால் இந்தத் தொழிலின் பாதி புரிந்துவிடும்.

சுண்ணாம்புக் கல்லையோ கடற்சிப்பியையோ காளவாயில் 900 டிகிரி அளவில் சுட்டால் அதிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கி நீறும். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்துப் பூசினால், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகும். கல்லில் தொடங்கிக் கல்லில் முடிகிற ஒரு வட்டம். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரைச் சேர்ப்பது சாந்தின் ஒட்டும் தன்மையையும் இறுகும் வேகத்தையும் சீர்படுத்தத்தான்.

இப்படிப் பூசிய சுவரில் நுண்ணிய துளைகள் உண்டு. தரையிலிருந்து ஏறும் ஈரம் அவற்றின் வழியே ஆவியாகப் போய்விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் வழி அடைபடுகிறது. ஈரம் உள்ளேயே தங்குகிறது. அதோடு வந்த உப்பு சுவருக்குள் படிகமாகி, கல்லையும் செங்கலையும் உள்ளிருந்து நொறுக்குகிறது. வெளியே பார்க்க உறுதியாக இருக்கும். ஐந்தாறு மழைக்காலம் கழித்துத் தட்டினால் பாளம் பாளமாக விழும். கடற்காற்று வீசும் நம் ஊரில் உப்புக்குப் பஞ்சமில்லை.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாருக்கு இன்று தமிழ்நாடு முழுக்கத் தேவை இருக்கிறது. சென்னையில் ஹுமாயூன் மகாலைப் பொதுப்பணித் துறை சீரமைத்தபோதும் சுண்ணாம்புக் காரைக்குத்தான் திரும்ப வேண்டியிருந்தது. நாள் கணக்கில் புளிக்கவைப்பது, அரைப்பது, பூசிய பிறகு ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வது என்று பொறுமை கேட்கிற வேலை. சிமெண்ட் வேலை தெரிந்த ஒரு கொத்தனார் முனைந்து கற்றுக்கொண்டால், அவர் கைக்கு இரண்டாவது தொழில் ஒன்று சேர்கிறது.

கல்: மயிலாடியின் சத்தம்

மயிலாடிக்குள் நுழையும்போதே உளிச்சத்தம் வரவேற்கும். சுசீந்திரம் கோயில் வேலைக்கு வந்த கல்தச்சர்களின் வழியில் வளர்ந்த ஊர் என்று சொல்வார்கள். இன்றும் பட்டறைகளில் தெய்வச் சிலைகளும் தூண்களும் உருவாகின்றன. கல்லைத் தட்டி, எழும் ஓசையை வைத்து அதன் தரத்தைச் சொல்லும் பழக்கம் சிற்பிகளிடம் உண்டு. கல்லின் நீரோட்டம் பார்த்து எந்தப் பக்கம் பிளக்கும் என்று கணிப்பதும் கைப்பழக்கத்தில் வருவதே.

புதுச் சிலை வடிக்கத் தெரிந்தவருக்குப் பழைய கல்லைக் காக்கவும் தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது. அது தனியாகப் பழக வேண்டியது. எடுத்துக்காட்டாக, எண்ணெய்ப் பிசுக்கும் பல அடுக்குச் சுண்ணாம்பும் படிந்த தூணைச் சுத்தம் செய்ய மணலை வேகமாகப் பீய்ச்சி அடிக்கும் முறை ஒரு காலத்தில் பல கோயில்களில் நடந்தது. தூண் பளிச்சென்று ஆனது. கூடவே கல்வெட்டு எழுத்தின் விளிம்பும் சிற்பத்தின் விரல் நகமும் போயின. இப்போது அதற்குத் தடை இருக்கிறது. மெதுவாக ஊறவைத்து, காகிதக் கூழோ களிமண்ணோ அப்பி எண்ணெயை இழுத்து, மென்மையான தூரிகையால் தேய்ப்பதே சரியான முறை. கோபுர இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றைப் பிடுங்கினால் வேர் உள்ளே தங்கி மறுபடி தழைக்கும், இழுத்த வேகத்தில் கல்லும் நகரும். வெட்டி, வேரைச் செயலிழக்கச் செய்து, பிறகு இடுக்கைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும்.

நிறமும் நகையும்

பத்மநாபபுரம் உப்பரிகை மாளிகையின் மேல்தளத்தில் சுவரோவியங்கள் இருக்கின்றன. திருவட்டாறிலும் உண்டு. கேரள மரபில் இவற்றுக்குச் சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சின்மேல், சுண்ணாம்பை இளநீரில் கலந்து பலமுறை தடவித் தளத்தைத் தயார் செய்வார்கள். காவிக்கல்லிலிருந்து சிவப்பும் மஞ்சளும், விளக்குப் புகையிலிருந்து கறுப்பும் எடுப்பார்கள். ஓவியத்தைப் பாதுகாக்க வருகிறவரின் முதல் கடமை, அதன்மேல் தானும் வரையாமல் இருப்பது. உரிந்து நிற்கும் செதிலை மறுபடி சுவரோடு ஒட்டவைப்பார், அழுக்கை நீக்குவார், நிறம் போன இடத்தை வேண்டுமானால் பின்னால் எளிதில் அழிக்கக்கூடிய வண்ணத்தால் மெலிதாக நிரவுவார். முகம் அழிந்திருந்தால் அழிந்தபடி விடுவார்.

நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகைத் தொழிலும் நம்முடைய மரபுச் செல்வம். வெள்ளியில் அடிப்பகுதி செய்து, தங்கத் தகடு வேய்ந்து, சிவப்பு, பச்சைக் கெம்புக் கற்கள் பதிக்கும் இந்த வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தெய்வத்துக்குச் செய்த நகை பரதநாட்டிய மேடைக்குப் போனதால் இந்தத் தொழில் பிழைத்தது. பழைய தொழில் ஒன்று புதிய பயனைக் கண்டுகொண்டால் எப்படி உயிர் பெறும் என்பதற்கு நம் கண்ணெதிரே உள்ள உதாரணம் இது.

யார் யார் வேலை செய்கிறார்கள்?

ஒரு பழைய மண்டபத்தில் வேலை நடக்கிறது என்றால் அங்கே குறைந்தது ஆறேழு வகை ஆட்கள் தேவைப்படுகிறார்கள். கட்டடத்தை அளந்து வரைபடமாக்கும் கட்டடக் கலைஞர். சுமை எப்படி இறங்குகிறது, எந்த விரிசல் ஆபத்து, எது பழையதும் ஆபத்தில்லாததும் என்று சொல்லும் பொறியாளர். சாந்தில் என்ன கலந்திருக்கிறது, சுவரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று சோதிக்கும் வேதியியலாளர். கல்வெட்டையும் ஓலையையும் படித்து எந்தப் பகுதி எப்போது கட்டப்பட்டது என்று சொல்லும் வரலாற்று ஆய்வாளர். ஆகமத்தையும் சிற்ப நூலையும் அறிந்த ஸ்தபதி. மரம், கல், சுதை, சுண்ணாம்பு, உலோகம் அறிந்த கைவினைஞர்கள். எல்லோரையும் ஒருங்கிணைத்து, தினமும் நடப்பதைப் பதிவு செய்யும் தளப் பொறுப்பாளர்.

இந்தப் பட்டியலை ஏன் விரித்துச் சொல்கிறேன் என்றால், எந்தப் பாடத்தில் ஈடுபாடு உள்ள பிள்ளைக்கும் இதில் இடம் இருக்கிறது. வேதியியல் பிடித்தவர், கணக்குப் பிடித்தவர், தமிழ் பிடித்தவர், படம் வரையப் பிடித்தவர், படிப்பைவிடக் கையால் செய்வது பிடித்தவர், எல்லோருக்கும்.

எந்த வாசல் வழியாக நுழைவது?

முதல் வாசல் பட்டறை. மயிலாடியில் ஒரு சிற்பியிடமோ, தச்சு வேலை தெரிந்த ஒரு மூத்த ஆசாரியிடமோ சேர்ந்து பழகுவது. முதல் வருடம் உளி தீட்டுவதிலும் மரம் சுமப்பதிலும் போகும். அதை வீண் என்று எண்ணக் கூடாது. உளியின் கூர் கைக்குப் புரிந்த பிறகுதான் மரம் புரியும்.

இரண்டாவது வாசல் மரபுக் கலைக் கல்லூரி. மாமல்லபுரத்தில் 1957-ல் பயிற்சி மையமாகத் தொடங்கிய அரசு கட்டட மற்றும் சிற்பக் கலைக் கல்லூரியில், பிளஸ் டூவுக்குப் பிறகு மரபுக் கட்டடக் கலை, சிற்பம், ஓவியம் ஆகியவற்றில் 4 ஆண்டுப் பட்டம் படிக்கலாம். கல், சுதை, மரம், உலோகம் என்று சிற்பத்தில் பிரிவுகள் உண்டு. கன்னியாகுமரிக் கடலில் 133 அடி உயரத்தில் நிற்கும் திருவள்ளுவர் சிலையை அமைத்த கணபதி ஸ்தபதி அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். ஒரு காலத்தில் சில குடும்பங்களுக்குள் மட்டும் கைமாறிய அறிவு, இந்தக் கல்லூரியால் எந்தச் சாதியில் பிறந்தவருக்கும், பெண்களுக்கும் எட்டும் தூரத்துக்கு வந்தது. இந்தத் தொழிலின் எதிர்காலத்துக்கு இதைவிடப் பெரிய நன்மை வேறில்லை என்று நம்புகிறேன்.

நமக்கு எல்லை தாண்டினால் இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. ஆறன்முளையில் 1993-ல் கேரள அரசு தொடங்கிய வாஸ்துவித்யா குருகுலம் மரபுக் கட்டடக் கலையிலும் சுவரோவியத்திலும் பயிற்சி தருகிறது. குருவாயூர் தேவஸ்வத்தின் சுவரோவியப் பள்ளி 1989-ல் தொடங்கியது. நம் மாவட்டத்துக் கூரைகளும் ஓவியங்களும் அந்த மரபைச் சேர்ந்தவை என்பதாலும், நம் பிள்ளைகள் பலருக்கு மலையாளம் காதில் விழுந்து பழகிய மொழி என்பதாலும், இந்த வாசல் மற்ற மாவட்டத்தாரைவிட நமக்கு எளிது.

மூன்றாவது வாசல் பல்கலைக்கழகப் படிப்பு. கட்டடக் கலையில் 5 ஆண்டுப் பட்டம் பெற்று, பிறகு கட்டடப் பாதுகாப்பில் முதுகலை படிக்கலாம். தில்லி, போபால் ஆகிய ஊர்களின் திட்டமிடல் மற்றும் கட்டடக் கலைப் பள்ளிகளிலும், அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு இருக்கிறது. சிவில் எஞ்சினியரிங் படித்தவர்களுக்குச் சென்னை ஐஐடியில் மரபுக் கட்டடங்களின் பாதுகாப்புக்கென்றே ஒரு தேசிய மையம் இயங்குகிறது. வேதியியல் படித்தவர்கள் லக்னோவில் உள்ள தேசிய ஆய்வுக்கூடத்தின் பயிற்சிகளையும், நொய்டாவில் உள்ள இந்திய மரபு நிறுவனத்தின் முதுகலைப் படிப்பையும் பார்க்கலாம். வரலாறு, தமிழ் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்தும் முதுநிலைப் பட்டயப் படிப்பு உண்டு. பார்த்திவபுரம் போன்ற நம் ஊர்க் கோயில்களின் வரலாறு பழைய எழுத்துகளில் இருப்பதால், வட்டெழுத்துப் படிக்கத் தெரிந்தவர் இங்கே தேவைப்படுகிறார். திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையைத் தொடங்கிய டி. ஏ. கோபிநாத ராவும், சுசீந்திரம் கோயிலைப் பற்றி 1953-ல் முழு நூல் வெளியிட்ட கே. கே. பிள்ளையும் நடந்த வழி அது.

மூன்று வாசலும் ஒரே முற்றத்துக்குத்தான் போகின்றன. பட்டறை வழி வந்தவர் வரைபடம் படிக்கவும் வேலையை எழுதிவைக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். பட்டப் படிப்பு வழி வந்தவர் ஆறு மாதமாவது ஒரு கொத்தனாரோடு சாந்து அரைக்க வேண்டும். சுண்ணாம்பில் கை வைக்காதவர் எழுதும் மதிப்பீட்டில் எவ்வளவு படிப்பு இருந்தாலும் பிழை இருக்கும்.

படிப்பும் கைவேலையும் இப்படிச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. பாரீஸின் நோத்ரதாம் தேவாலயத்தின் கூரை 2019 ஏப்ரல் 15-ம் தேதி எரிந்து விழுந்தது. 2024 டிசம்பரில் அது மறுபடி திறக்கப்பட்டது. கோடரியால் ஓக் மரத்தைச் செதுக்கும் பழைய முறையிலேயே தச்சர்கள் உத்திரங்களைச் செய்தார்கள். எரிவதற்கு முன்பே அந்தக் கட்டடத்தின் மரச்சட்டத்தை அளந்து வரைந்து வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். கோடரி வேலை மறக்காத தச்சர்களும் இருந்தார்கள். ஏடும் கையும் சேர்ந்ததால்தான் ஐந்தே முக்கால் வருடத்துக்குள் அது முடிந்தது.

வருமானமும் சிரமமும்

மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில உண்டு. அரசுப் பணியிடங்கள் குறைவு. தொல்லியல் துறை, அருங்காட்சியகம் ஆகியவற்றுக்குத் தேர்வாணையம் ஆள் எடுக்கும். ஆனால் அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டும். பெரும்பாலான வேலை ஒப்பந்தத்தில் நடக்கிறது. ஒப்பந்தம் எடுப்பவர் சிக்கனம் பார்த்தால் கைவினைஞரின் கூலி குறையும். மழைக்காலத்தில் கூரை வேலை நிற்கும். அதனால் தொடக்கத்தில் கூடவே இன்னொரு வருமானம் இருப்பது நல்லது. தச்சர் வீட்டு மரச்சாமான் செய்யலாம். ஓவியர் வகுப்பு எடுக்கலாம். கட்டடக் கலைஞர் பழைய வீடுகளை விருந்தினர் இல்லங்களாக மாற்றித் தரலாம். சுற்றுலாப் பயணிகள் ஆண்டு முழுக்க வரும் மாவட்டத்தில் இந்தக் கடைசி வழி நன்றாகவே திறந்திருக்கிறது.

தொழில் தொடங்கவும் கருவி வாங்கவும் உதவும் திட்டங்கள் உள்ளன. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டம், தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் ஆகியவற்றின் வயது வரம்பையும் விதிகளையும் நாகர்கோவிலில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உடல்நலத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கருங்கல் தூள் நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்ற நோய் வரும். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. இயந்திரத்தால் கல் அறுக்கும்போது தண்ணீர் விட்டு அறுப்பதும், சரியான முகக்கவசம் போடுவதும் கோழைத்தனம் ஆகாது. சுட்ட சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம்; கண்ணாடி போட வேண்டும். கோபுரச் சாரத்தில் இடுப்புக் கயிறு இல்லாமல் ஏறக் கூடாது. கட்டடத்தின் ஆயுளைக் கூட்டப் போகிறவர் தன் ஆயுளைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இந்த மாதமே தொடங்கலாம்

சேர்க்கைக்கும் தேர்வுக்கும் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு நோட்டும் பென்சிலும் அளவு நாடாவும் போதும். உங்கள் ஊரிலேயே ஒரு பழைய கட்டடத்தைத் தேர்ந்தெடுங்கள். பாட்டி வீட்டு அறைப்புரையாகவோ, தெருமுனைக் கல்மண்டபமாகவோ, படித்துறையாகவோ இருக்கட்டும். வீட்டுக்காரரிடமோ பொறுப்பில் உள்ளவரிடமோ அனுமதி கேட்டு அதன் தரைப்படத்தை அளந்து வரையுங்கள். என்ன மரம், என்ன கல், எங்கே ஈரம், எங்கே விரிசல் என்று குறியுங்கள். விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, மூன்று மாதம் கழித்து அது அகன்றிருக்கிறதா என்று பாருங்கள். நோயாளியை அறிவது போலக் கட்டடத்தை அறியும் முதல் பரிசோதனை இதுதான்.

பிறகு ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். மரமோ சுண்ணாம்போ கல்லோ நிறமோ, ஒன்றே ஒன்று. மூன்று வருடத்துக்கு அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்தவருக்கு இந்தத் தொழிலில் இடம் குறைவு. ஒன்றை ஆழமாகத் தெரிந்தவரைத் தேடி ஆள் வரும்.

உங்கள் ஊரில் இன்னும் இருக்கிற மூத்த ஆசாரியையும் கொத்தனாரையும் போய்ப் பாருங்கள். அவர்கள் சொல்லும் அளவுகளையும் பெயர்களையும் அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் கைபேசியில் பதிவு செய்யுங்கள். அவர்கள் அறிவு பெரும்பாலும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தள்ளிப்போடக் கூடாத ஒரே வேலை இதுதான்.

அப்புறம் ஒரு நாள் பத்மநாபபுரம் போங்கள். திங்கட்கிழமை விடுமுறை; மற்ற நாளில் காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் குறைவாக இருக்கும். தலையை உயர்த்தி ஒரு மூலையில் கழுக்கோல்கள் எப்படி ஒன்றுகூடுகின்றன என்று வரைந்து பாருங்கள். முதல் படம் சரியாக வராது; நான்காவது வரும். பிறகு குனிந்து, அந்தக் கறுப்புத் தரையில் வெளிச்சம் எங்கே மங்குகிறது, எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே மயிரிழை போல ஒரு கீறல் ஓடுகிறது என்று பாருங்கள். பார்த்ததை நோட்டில் தேதியோடு எழுதுங்கள். அந்தக் கீறலைக் கவனித்த ஆள் ஒருவர் கூடியிருக்கிறார். வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.